கல்ச்சர் ரிப்போர்ட்டை அனுப்பி வை

பெரம்பூர், சென்னை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். நீ கிளை மேலாளரானதை நான் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வருவதாக உன் அம்மா கேலி செய்கிறாள். அதே அம்மாதான், உனக்கு மறுபடியும் யூரின் இன்ஃபெக்ஷன் என்றும், மாத்திரை முடிந்ததும் சிவப்பாகப் போவது திரும்ப வந்துவிட்டது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தகப்பன் கேட்கிற கேள்வியல்ல என்பதால்தான் தொலைபேசியில் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவுக்கு ஒரு முறை வலியில்லாமல் இரத்தம் போனதும், அந்த வாரமே சிஸ்டோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கருவியை விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சோதனை, செய்து சிறுநீர்ப்பையிலிருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். அத்தைக்கும் அதே இரத்தம்தான். அவளுக்கு முதலில் தொற்று என்றார்கள், பிறகு மாதவிலக்கு நிற்கும் வயது என்றார்கள். மீதி உனக்குத் தெரியும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களுக்கு 3, 4 மடங்கு அதிகம் வருவதால், பெண்ணின் சிறுநீரில் இரத்தத்தைக் கண்டதும் மருத்துவரின் எண்ணம் அந்தப் பக்கம் எளிதில் போவதில்லை. அதனால் நோய் முற்றிய பிறகே பல பெண்களுக்குத் தெரியவருகிறது. புகைபிடித்தல்தான் முதன்மைக் காரணம் என்பாய். அத்தை என்ன பீடியா குடித்தாள்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே, பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் வழிகாட்டி, 1993இல்தான் அதை விலக்கிக்கொண்டது என்று படித்தேன். அத்தையின் மருத்துவக் கோப்பைப் புரட்டியவனுக்கு அதில் வியப்பில்லை.

உனக்குப் பெரும்பாலும் தொற்றாகவே இருக்கும். பெண்களுக்கு அது அடிக்கடி வருவதுதான். ஆனால் தொற்று என்றால் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்திருக்க வேண்டும். வளர்ந்ததா, இல்லை பார்க்காமலே ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்களா? கடன் மனுவில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறவள், உன் உடம்பு விஷயத்தில் மட்டும் சீட்டில் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்கிறாய். மருந்துக்குப் பிறகும் கண்ணுக்குத் தெரிய இரத்தம் வருகிறது என்றால், சிறுநீர்ப்பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜிஸ்டைப் பார்த்து, ஸ்கேனும் சிஸ்டோஸ்கோப்பியும் வேண்டுமென்று நீயே கேள். மகளிர் மருத்துவர் பார்த்தது போதும் என்று இருந்துவிடாதே. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்காதே. ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்றும் தள்ளிப்போடாதே.

முதலில் அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட். எனக்கு அனுப்பக் கூச்சமாக இருந்தால் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. அவளுக்கு அதை நான்தான் படித்துச் சொல்லப்போகிறேன் என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசிகள்.

அப்பா