ஓலை வாசிக்கும் நாளிலேயே தொடங்க வேண்டியது

குமரி மாவட்டத்தில் திருமணங்களை நடத்திவைக்கும் பங்குத்தந்தையர், போதகர்கள், ஜமாஅத் நிர்வாகிகள், சமுதாயத் தலைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிறக்கப்போகும் குழந்தைகளின் பிறவிக் குறைகளைத் தடுப்பது பற்றிய இந்த மடலை மாவட்ட ஆட்சியருக்கோ சுகாதாரத் துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர் அரசுப் பதிவேட்டுக்கு வருவது அவள் கருவுற்ற பிறகு. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்காக 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லி, கிராமச் செவிலியர்களான நாங்கள் வீடு வீடாக அலைந்திருக்கிறோம். ஆனால் சில ஆபத்துகளைத் தடுக்க அந்த 12 வாரமே தாமதம். உங்களுக்கோ அவள் பெயர் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28ஆம் நாளையொட்டி மூடிவிடும். மாதவிடாய் இரண்டு வாரம் தள்ளிப்போய், 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று ஒரு பெண் பரிசோதனைக்கு வருகிறாளே, அன்றைக்கே அந்த வேலை முடிந்திருக்கும். சரியாக மூடாவிட்டால் முதுகில் கட்டியோடு குழந்தை பிறக்கும். கால்கள் அசையாமல், சிறுநீரை அடக்க முடியாமல் வாழ்நாள் முழுக்கத் துன்பப்படும் பிள்ளைகள் உண்டு. தலைப் பக்கம் மூடாமல் போனால் குழந்தை தங்காது. அப்படிப்பட்ட குழந்தையைத் துணியில் பொதிந்து ஆசாரிப்பள்ளம், திருவனந்தபுரம் மருத்துவமனைகளுக்கு ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தத் தாயிடம் ஊர் கேட்டது என்ன? கிரகணத்தன்று வெளியே வந்தாயா, யார் சாபம் என்று. எந்தத் தாயும் கேட்கக்கூடாத கேள்விகள் இவை.

இதைப் பெருமளவு தடுக்கும் மருந்து மிக மலிவானது: ஃபோலிக் அமில மாத்திரை. இக்குறையோடு ஏற்கெனவே ஒரு கர்ப்பத்தைக் கண்ட பெண்களிடம் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. கருவுறும் முன்பே மாத்திரையைத் தொடங்கியவர்களில், மறுபடியும் அது நேர்வது 72 சதவீதம் குறைந்திருந்தது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் போதும். முன்பு அப்படிக் குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்பு மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ கூடுதல் அளவு தேவைப்படும். அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் முன்பு என்பதை நம் ஊர் வழக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறார். வந்த வாரத்தில் கல்யாணம், அடுத்து விருந்துகள், பிறகு விமானம். பல வீடுகளில் அந்தக் கொஞ்ச நாட்களிலேயே கரு தங்கிவிடுகிறது. கல்யாணம் முடிந்து யோசிக்கலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவிப்பாக ஓலை வாசிக்கிறீர்கள் அல்லவா? முதல் ஓலை வாசிக்கும்போதாவது மணப்பெண் கையில் அந்த மாத்திரை இருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தன்றே தொடங்கினால் இன்னும் நல்லது.

கத்தோலிக்கப் பங்குகளில் திருமணத் தயாரிப்பு வகுப்பு இல்லாமல் கல்யாணம் இல்லை. குடும்ப அன்பு, பொறுமை, செபம் எல்லாம் அதில் சொல்லித்தருகிறீர்கள். அதில் ஒரு மணி நேரம் கேட்கிறேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ செவிலியரையோ அழையுங்கள். வகுப்பு நடத்தாத சபைகளும் ஜமாஅத்துகளும் சமுதாயங்களும், திருமணப் பதிவுக்கு வரும் இரு வீட்டாரிடமும் ஒரு தாளையாவது கொடுக்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் பேச நிறையவே இருக்கிறது. ருபெல்லா என்னும் சாதாரணமாகத் தோன்றும் அம்மைக் காய்ச்சல் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால் குழந்தையின் கண், காது, இதயத்தைத் தாக்கும். தமிழ்நாட்டில் 2017இல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசி முகாம் நடந்தது. அப்போது அந்த வயதைக் கடந்திருந்த பெண்களில் பலர் போட்டிருக்கமாட்டார்கள். கர்ப்பத்தின்போது இதைப் போடக்கூடாது. போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். ஆகவே இதற்கும் கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களே உகந்தவை. சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை மூன்றையும் அப்போதே ஒரே இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். முகப்பருவுக்கோ வலிப்புக்கோ எடுக்கும் சில மாத்திரைகள் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். ஆனால் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

மாப்பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் அவர் விடும் சிகரெட் புகை குழந்தையின் எடையைக் குறைக்கும். வாழைக்குப் பூச்சிமருந்து வைக்கும் வேலையைக் கர்ப்பிணியிடம் விடாமல் அவரே செய்யட்டும். கர்ப்ப காலத்தில் பெண்ணுக்கு மது ஒரு துளியும் கூடாது. கல்யாண விருந்தின் ஒயினும் இதில் அடக்கம்.

மீனைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சாளை, நெத்திலி தாராளமாகச் சாப்பிடலாம். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு நல்லது. ஆழ்கடலில் பிடித்து வரும் பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அந்த மாதங்களில் அது வேண்டாம்.

கடற்கரை ஊர்களில் மணவாளக்குறிச்சி மணலைப் பற்றியும் கேட்பார்கள். இதே கதிரியக்க மணல் உள்ள கேரளக் கரையில் 1995 முதல் லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். கதிர்வீச்சு கூடுதலான பகுதிகளில் பிறவிக் குறைபாடு கூடியிருப்பதாக அதில் தெரியவரவில்லை. மணல் அள்ளுவதை எதிர்க்க மக்களுக்கு வேறு நியாயங்கள் உண்டு. நானும் அவர்கள் பக்கம்தான். ஆனாலும் மணலைப் பற்றிய பயத்தில் மாத்திரையை மறந்துவிடக் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்த தாய்க்கும் குறையுள்ள குழந்தை பிறக்கலாம். பல குறைபாடுகளுக்குக் காரணமே தெரியாது. அந்தத் தாயைப் பழிப்பது தவறு என்று பிரசங்க மேடையிலிருந்தும் ஜும்ஆ உரையிலும் நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும். நாங்கள் சொன்னபோது கேட்கவில்லை.

தவக்காலத்தில் கல்யாணங்கள் குறைவு; ஈஸ்டர் முடிந்ததும் குவியும். ரமலானுக்குப் பிறகும் அப்படித்தான். அந்த நோன்பு நாட்களிலேயே முதல் வகுப்பை வையுங்கள். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் எந்த ஊருக்கு அழைத்தாலும் நான் வருகிறேன். பஸ் கட்டணம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
கல்குளம் வட்டம்