பிள்ளைக்காம்பராவின் கதவை எங்களுக்கும் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை பெற்றவள் வேலைக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறவர்கள், ஒருநாள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, வரிசை வீட்டுக்கு, வந்து மாதக் கணக்கை எழுதிப் பார்க்கட்டும். தாய் மலைக்குப் போகிற நேரம் பிள்ளையை வைத்துப் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் முதலில் அந்தக் கணக்கு.

நான் ஹட்டன் டவுனில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 34,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக, கைக்கு வருவது 31,280. மகளுக்கு இரண்டே முக்கால் வயது. அவளை டவுனில் ஒரு டே கெயாரில் விடுகிறேன், மாதம் 11,000. மாலை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள், எனக்குக் கடை விடுவதோ ஆறரைக்கு, அதனால் பிந்திய நேரக் காசு என்று இன்னொரு 1,500. இருவருக்கும் பஸ் காசு நாலாயிரத்துக்குக் குறையாது. அவளுக்குப் பால்மா, பிஸ்கட், மத்தியானச் சாப்பாடு எல்லாம் நாங்களே கட்டிக் கொடுத்தனுப்ப வேண்டும். அது வீட்டில் இருந்தாலும் செலவுதானே என்பீர்கள், சரி, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படிப் பார்த்தாலும் மிஞ்சுவது பதினையாயிரத்துக்கும் குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் லீவு போட்டால் அந்தச் சம்பளமும் வெட்டு, ஆனால் டே கெயார் காசு வெட்டுப்படாது.

அந்த டே கெயார்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன், ஏன் இவ்வளவு என்று. கட்டட வாடகை மட்டும் 50,000, மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள், 2026 ஜனவரியிலிருந்து சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000, அப்புறம் கேஸ், தண்ணீர், கரண்ட் என்று விரலை மடக்கினார். இருப்பது பதினெட்டுப் பிள்ளைகள். நானும் கணக்கு எழுதுகிறவள்தானே, மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன், அவருக்கும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

மூன்று வயதானால் நேர்சரிக்கு அனுப்பலாமே என்கிறார்கள். எங்கள் பக்கத்து நேர்சரி பதினொன்றரைக்கே விட்டுவிடும், அதற்குப் பிறகு யார் கூட்டிக்கொண்டு வருவது, யார் வைத்துக்கொள்வது? ஐந்து வயது நிறைந்து முதலாம் தரத்தில் சேர்க்கும்வரை இதே ஓட்டம்தான். பிள்ளையின் அம்மாயி, அதாவது என் அம்மா, பார்த்துக்கொள்ள மாட்டாரா என்ற கேள்வியும் வரும். அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் நிற்கிறார். தனியார் துறையில் ஓய்வு வயதை 60 ஆக்கி 2021இல் சட்டம் வந்தது. அது நல்ல சட்டம், நான் எதிர்க்கவில்லை, ஆனால் ஐம்பதைத் தாண்டியதும் வீட்டில் இருந்து பேரப்பிள்ளை பார்த்த அம்மாயிமார் காலம் எங்கள் லயத்தில் முடிந்துவிட்டது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். எங்கள் லயத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பிள்ளைக்காம்பரா இருக்கிறது. இப்போது பெயர்ப் பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருக்கிறது, நாங்கள் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வோம். நானும் அங்கே வளர்ந்தவள்தான். என் அம்மாயி காலத்தில் வரிசையாகச் சேலை ஏணை கட்டித் தொங்கவிட்டு, மலைக்குப் போக முடியாத ஒரு கிழவி ஆட்டிக்கொண்டிருப்பாராம், தாய்மார் கூடையோடு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவார்களாம். இன்றைக்கு அங்கே பயிற்சி பெற்ற ஒரு அக்கா இருக்கிறார், சுவரெல்லாம் படம், சின்னச் சின்னக் கதிரை, வெளியில் சறுக்குமரம். முப்பது பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காணும். இருப்பது ஒன்பது பேர்.

என் மகளைச் சேர்க்கப் போனபோது கிடைத்த பதில், செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பேர்ப் பதிவில், தாயின் பேர் இருக்க வேண்டும் என்பது. அதாவது நான் கொழுந்து பறித்தால் என் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டு, அதே லயத்தில் இருந்துகொண்டு டவுனுக்கு வேலைக்குப் போனால் இல்லை. தோட்ட வேலைக்கே வா, நாட்சம்பளம்தான் 1,750 ஆகிவிட்டதே என்று ஒருவர் புத்தியும் சொன்னார். அதில் 200 வருகைக் கொடுப்பனவு, சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், அதெல்லாம் அவருக்குத் தெரியாதா என்ன. அது கிடக்கட்டும். நான் உயர்தரத்தில் கணக்கியல் படித்தவள், அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அது தப்பா?

இந்தப் பிள்ளைக்காம்பராக்கள் கொழுந்து மலையின் நேரத்துக்கென்றே வந்தவை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில்கூட, பிள்ளைக்காம்பரா இருந்தால் பால் கொடுக்க ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் என்று கணக்கு இருக்கிறது. மலைக்குப் போகிற தாயை நினைத்து அன்று செய்தது சரிதான். ஆனால் இன்று எங்கள் லயத்தில் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் கடைக்கும் கார்மெண்டுக்கும் போகிற இளம் தாய்மார். அவர்களும் தோட்டத்துப் பிள்ளைகளைத்தானே பெற்றிருக்கிறார்கள்.

பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்தி போன மாதம் குவைத் போய்விட்டாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாது என்று முன்பு ஒரு விதி இருந்தது, 2022இல் பொருளாதார நெருக்கடியோடு அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுக் கடல் கடந்து போக வழி செய்கிற அரசாங்கம், அதே பிள்ளையை விட்டுவிட்டுப் பத்து மைல் தூரத்தில் உள்ள ஹட்டனுக்குப் போய்வர ஒரு வழி செய்யக்கூடாதா?

நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. என்னைப் போல எங்கள் டிவிசனில் மட்டும் ஏழு பேர் இருக்கிறோம், எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆளுக்கு மாதம் 5,000 கொடுக்கத் தயார், 35,000 வரும். அந்தக் காசில் இன்னொரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து, காலை ஆறரைக்குத் திறந்து மாலை ஏழுக்கு மூடலாம். கட்டடம் இருக்கிறது, கதிரை இருக்கிறது, அந்த அக்காவும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் தெரிந்தவர். வேலைக்கு வர இரண்டு பெண்கள் தயாராகக்கூட இருக்கிறார்கள். தோட்டக் கம்பனிகளும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும், எங்கள் வாக்கில் பாராளுமன்றம் போனவர்களும் உட்கார்ந்து பேசி, செக்ரோல் என்ற அந்த ஒரு நிபந்தனையைத் தளர்த்தினால் போதும்.

வருகிற மாதத்திலிருந்து டே கெயாரில் 12,500 என்று நேற்று துண்டு கொடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய்