பழைய சயின்ஸ் பிளாக்கை இடிக்கும் முன்: நம் கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செயலர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பழைய சயின்ஸ் பிளாக்கை இடித்துவிட்டு, அங்கே சுயநிதிப் பிரிவுக்குப் பல மாடிக் கட்டடம் எழுப்பப் போவதாகப் பழைய மாணவர் கூட்டத்தில் சொன்னீர்கள். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தமும் வருமாம். "கட்டடத்துக்கு வயசாயிடுச்சு, இனி தாங்காது" என்று மட்டும்தான் காரணம் சொல்லப்பட்டது. தாங்காது என்று சொன்னவர் யார் என்று விசாரித்தேன். புதுக் கட்டடத்துக்கு மதிப்பீடு கொடுத்திருக்கும் கான்ட்ராக்டரேதான். அவர் வேறு என்ன சொல்வார்?

அங்கே நிற்பது ஒரு கட்டடம் அல்ல, இரண்டு. முன்பகுதி வெள்ளைக்காரர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. பின்பக்கம் 1970களில் ஒட்டவைத்த கான்கிரீட் பகுதி. கெமிஸ்ட்ரி ஸ்டோரும் கழிப்பறைகளும் உள்ள இடம். சீலிங் பெயர்ந்து விழுந்ததும், கம்பி வெளியே தெரிவதும் இந்தப் பின்பகுதியில்தான். கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்ளும். உள்ளிருந்தே நெம்பி மேல்பகுதியை உடைத்துத் தள்ளிவிடும். பக்கத்து லேபிலிருந்து வருடக்கணக்காக அமிலப் புகையும் வந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பகுதியைத் தாராளமாக இடியுங்கள். அதற்காகக் கண்ணீர் விட ஒருவரும் வரமாட்டார்கள்.

முன்பகுதியின் கதை வேறு. அதன் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் கட்டைகளை அடுக்கி, சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாகச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டையான ஓடுகளை ஒட்டுவார்கள். இதில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. இதற்குப் பெரிய எதிரி தண்ணீர். மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய்களை வேப்பஞ்சருகு அடைத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் மேலே குளம்தான். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. அதை இழுத்துப் பிடுங்கினால் சுவரும் கூடவே வந்துவிடும்; வெட்டி, வேரைச் சாகடித்து, அப்புறம்தான் விரிசலைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். போதாக்குறைக்கு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்த சமயத்தில் முகப்புச் சுவருக்கு அவசர அவசரமாகச் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்தோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுத்தான் உயிரோடு இருக்கும். அந்த வழியை நாமே அடைத்தோம். இன்று ஜன்னலுக்குக் கீழே உப்புப் பூத்துச் செங்கல் மாவாக உதிர்கிறதே, அது வயதின் வேலை இல்லை.

இதைவிட மோசமான நிலையிலிருந்து மீண்ட கட்டடம் சென்னையில் இருக்கிறது. 1768 வாக்கில் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால், 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரையோடு சரிந்தது. பொதுப்பணித்துறை அதைப் புதுப்பித்தெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் குடியேறியது. எரிந்த கட்டடத்தையே மீட்க முடிந்திருக்கிறது. நமக்கோ குழாயடைப்பும் ஒரு செடியும்தான்.

சரி, காப்பாற்றி என்ன செய்வது? நிறுவனர் படத்துக்கு மாலை போட்டு, கண்ணாடி அலமாரியில் நாலு பித்தளைக் கருவிகளை வைத்து 'அருங்காட்சியகம்' என்று பலகை மாட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. திறப்பு விழாவுக்கு மறுநாள் பூட்டினால், பிறகு திறக்கவே மாட்டார்கள்.

நம் டார்க் ரூமை நினைத்துப் பாருங்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம், ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதன் நுண் அளவுகோலான வெர்னியரைப் படிக்க ஒரு லென்ஸ். முக்கோணக் கண்ணாடியான பிரிசத்தின் கோணத்தை அளக்கும் அந்தச் சோதனையை இயற்பியல் படித்த எல்லோரும் அலுத்துக்கொண்டே செய்திருப்போம். சென்னை மாநிலக் கல்லூரியில் அதையே செய்துகொண்டிருந்த சி.வி. ராமன் அதில் தெரிந்த விளிம்புவிளைவுப் பட்டைகள் (ஒளி விளிம்பில் வளைவதால் தோன்றும் வெளிச்ச, இருள் கோடுகள்) இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததைக் கவனித்தார். 1906இல் லண்டனின் ஃபிலாசாஃபிகல் மேகஸினில் கட்டுரையாக வந்தது அது; அவருக்கு வயது 18.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. 1907இல் அவர் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். அங்கே பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடம் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடந்தது. ராமன் போய்க் கேட்டார், அனுமதித்தார்கள். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே வேலை செய்தார். 1928இல் ராமன் விளைவு (பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவது) கண்டறியப்பட்டது அந்த ஆய்வுக்கூடத்தில்தான். சும்மா கிடந்த ஆய்வுக்கூடத்தை ஒரு வெளியாளுக்குத் திறந்துவிட்டவர்களின் பெயரை நாம் ஏனோ பாடப்புத்தகத்தில் போடுவதில்லை.

நான் கேட்பதும் அதுதான். முன்பகுதியை வெளியாட்களுக்குத் திறந்துவிடுங்கள். சுற்று வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒரே ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி வகுப்பே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் அதே பிரிசம்தான் வருகிறது. சனி, ஞாயிறுகளில் அந்தப் பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு கருவியைத் தொட்டுச் செய்யட்டும். மரப்படிகள் வைத்த கேலரி ஹாலில், மேஜைமேல் ஒரு சோதனையைச் செய்து காட்டினால் கடைசி வரிசைக்கும் தெரியும். மைக்கும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். ஓய்வுபெற்ற நம் ஆசிரியர்கள் பலர் உள்ளூரில்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். கூப்பிடாததில்தான் அவர்களுக்கு வருத்தம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இடித்தாலும் வைத்துக்கொண்டாலும், ஸ்டோர் ரூமைக் காயலான் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். காற்றழுத்தம் அளக்கும் ஃபோர்டின் பாரமானியிலிருந்து எப்போதோ கொட்டிய பாதரசம் தரை இடுக்குகளில் இன்னும் இருக்கலாம். பிக்ரிக் அமில பாட்டில் காய்ந்து கிடந்தால் அதன் மூடியைத் திருகுவதே ஆபத்து. உராய்வில் வெடிக்கக்கூடியது அது. தெரிந்தவர்களை வைத்து முறைப்படி அகற்ற வேண்டும். தாவரவியல் துறையின் ஹெர்பேரியம் தாள்களையும் (உலர்த்திய செடிகளை ஒட்டிவைத்தவை) பழைய பேப்பர் என்று எடைக்குப் போட்டுவிட வேண்டாம். எந்த ஏரிக்கரையில், எந்தத் தேதியில் பறித்த செடி என்று ஒவ்வொரு தாளிலும் எழுதியிருக்கிறது. அந்த ஏரிகளில் சில இன்று பேருந்து நிலையமாகிவிட்டன. அங்கே என்ன முளைத்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி நம்மிடம் இல்லை.

பணம் ஆகும், மறுக்கவில்லை. பழைய மாணவர்களிடம் கேளுங்கள். புதுக் கட்டடத்தில் பெயர்ப்பலகை வைக்கக் கொடுப்பவர்கள் மட்டும்தான் நம்மில் இருக்கிறார்கள் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? ஆனால் முதலில், புதுக் கட்டடத்தில் ஆதாயம் எதுவும் இல்லாத, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, அவர் அறிக்கையை எல்லோர் முன்னும் வையுங்கள். உத்தரங்கள் நிஜமாகவே செல்லரித்துப் போயிருக்கிறது, தேறாது என்று அவர் எழுதினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடிக் குழாய்களைச் சுத்தம் செய்ய நாங்கள் சிலர் தயார். அனுமதி கொடுத்தால் போதும். வரும் கூட்டத்தில் வேறு எதையும் முடிவு செய்ய நேரமில்லாவிட்டாலும், அந்த அறிக்கை வரும்வரை இடிப்பு டெண்டர் விடுவதில்லை என்று ஒரு வரித் தீர்மானமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் துறையின் பழைய மாணவன்