கையெழுத்துப் போடும் முன்

கானாடுகாத்தான்

அன்புள்ள மெய்யப்பனுக்கு,

அப்பச்சி எழுதுகிறேன். ஆத்தாளும் அப்பத்தாளும் நலம். பெரிய வீட்டை விற்கச் சம்மதம் என்று நேற்று போனில் சொன்னாய். "அவங்க அனுப்பினது நியாயமாத்தானே இருக்கு" என்றாய். விற்பதைப் பற்றி நமக்கு வந்த அந்தச் செய்தியை நானும் நாலைந்து முறை படித்தேன்.

'வீடு சிதிலமடைந்துவிட்டது. யாருக்கும் பயன்படவில்லை. விற்பது என முடிவு செய்யப்பட்டுள்ளது. பெரும்பாலானோரின் சம்மதம் பெறப்பட்டுவிட்டது.'

யார் முடிவு செய்தார்கள்? யாரிடம் யார் சம்மதம் வாங்கினார்கள்? 'செய்யப்பட்டது', 'பெறப்பட்டது' என்று எழுதிவிட்டால் ஆள் மறைந்துவிடுகிறான். அப்புறம் யாரைப் போய்க் கேட்பது? பங்காளிகள் 11 பேருக்கும் நானே போன் போட்டேன். சரி என்றவர்கள் 4 பேர். 3 பேருக்கு விஷயமே தெரியாது. மற்றவர்கள் யோசிக்கிறார்கள்.

வீட்டின் ரெண்டாம் கட்டு ஒழுகுவது உண்மை. செலவு இருப்பதும் உண்மை. ஆனால் ஒழுகுகிறது என்று தொடங்கி விற்றே ஆகவேண்டும் என்று முடிக்கிறார்களே, ஓடு மாற்றலாம் என்ற வழி நடுவில் எங்கே போயிற்று?

சென்ற மாதம் ஒரு வியாபாரி வந்தார். முகப்புத் தூணை விரலால் தட்டி, "இத்துப்போன பழங்கட்டை, எடை போட்டுத்தான் எடுக்கணும்" என்றார். நீ சின்ன வயதில் கட்டிப்பிடித்து நிற்பாயே, கை இரண்டும் சேராத தூண், அதுதான். மறுவாரம் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போயிருந்தேன். அதே அளவில் ஒரு தூணை எண்ணெய் போட்டுத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். 'அரிய பர்மா தேக்கு' என்று சீட்டு. வாங்கும்போது பழங்கட்டை, விற்கும்போது அரிய தேக்கு.

அடுத்தவரை மட்டும் சொல்லவில்லை அப்பா. உன் பாட்டையா பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த காலத்துக் கணக்குப் பேரேடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. 1934-ல் ஒரு வரி: 'கடனுக்கு நிலம் 40 ஏக்கர் வந்து சேர்ந்தது.' நிலம் தானாக நடந்து வராது. 1930-ல் நெல் விலை விழுந்ததும் பர்மிய உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நம் நகரத்தார் கையில் இருந்த விளைநிலம் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். நம்மவர்களுக்கு வேண்டியது பணம்தான், நிலம் இல்லை, அதுவும் உண்மையே. ஆனாலும் அந்த 40 ஏக்கரை உழுதவன் பெயர் பேரேட்டில் இல்லை. எழுதுகோல் நம் கையில் இருந்தது, அவன் விடுபட்டுப்போனான். அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் தெரிந்து, மனதார ஒப்பினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். நீ அதற்கு முன் மூன்றை மட்டும் எழுதிக் கேள்: சம்மதித்தவர்கள் பெயர் என்ன, வாங்குபவர் யார், ஓடு மாற்ற ஆகும் செலவுக்கு யாராவது கணக்குப் போட்டார்களா. பதில் பெயரோடும் தொகையோடும் வருகிறதா, மறுபடியும் 'தீர்மானிக்கப்பட்டுள்ளது' என்றே வருகிறதா என்று பார்.

தை மாதம் முன்னோருக்குப் படைப்பு. 'யாருக்கும் பயன்படவில்லை' என்ற அந்த வீட்டு வளவில்தான் அத்தனை பேருக்கும் இலை போடப்போகிறோம். லீவு சொல்லிவிட்டு வா. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பச்சி