லிஃப்ட் கறைக்கு யார் சம்பளத்தில் பிடிப்பது?

குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒட்டிய நோட்டீஸைப் படித்தேன். ஏ பிளாக் லிஃப்டில் கறை படிந்ததற்காக, அதன் பாலிஷ் செலவில் ஒரு பகுதியை ஹவுஸ்கீப்பிங் அக்காவின் சம்பளத்தில் பிடிக்கப் போகிறீர்களாம். அதற்கடுத்த வரியிலேயே, பி பிளாக் லிஃப்டுக்கும் அதே மிரர் ஃபினிஷ் தகடு, அதாவது கண்ணாடி போல் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்று இருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் எடுக்க வரும்போது தினமும் அவரைப் பார்க்கிறேன். பழைய பனியன் துணியோடு, வாயால் ஊதி ஊதித் துடைப்பார். எட்டாத மூலைக்குப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து ஏறி நிற்பார். ஏழே முக்காலுக்குப் பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு ஓடுவார்கள். அப்புறம் பார்த்தால், இடுப்பு உயரத்துக்குச் சின்னச் சின்னக் கைகள். மறுபடி அதே துணியோடு வந்து நிற்பார். மிரர் ஃபினிஷில் ஒரு விரல் பட்டாலும் தெரியும். அது தகட்டின் குணம், அவர் குற்றமில்லை.

சரி, தகட்டில் விழுந்திருக்கும் அந்தப் பழுப்புப் புள்ளிகள்? எல்லாவற்றுக்கும் ஒரே கேன் என்று நாம் வாங்கிக் கொடுத்தது பாத்ரூம் ஆசிட். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகமும் அரித்துப்போகும். சோப்புத் தண்ணீர் போதும் என்று நம்மில் யாராவது அவரிடம் சொன்னோமா?

பி பிளாக்குக்கு ஹேர்லைன் ஃபினிஷ், அதாவது ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும் தகடு, போடுங்கள். கைரேகை அவ்வளவாகத் தெரியாது. சாவி கீறினாலும், கோடு ஓடும் திசையிலேயே நைலான் நாரால் மெதுவாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். மிரரில் அந்த வழியே இல்லை. மிரரில் உப்பு தங்காது என்று கூட்டத்தில் சொன்னீர்கள், ஓரளவு உண்மைதான். ஹேர்லைன் கோடுகளில் உப்பு கூடுதலாகத் தங்கும். திருவான்மியூரில் கடற்காற்று, தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் ஸ்டில்ட் பார்க்கிங் வழியாக லிஃப்ட் வரை வருகிறது. அதனால்தான் 316 என்ற ரகத்தைக் கேட்கிறேன். அதில் 2 சதவீதத்துக்குக் குறையாமல் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் 304-ஐ விட நன்றாக உப்பைத் தாங்கும். விலை கூடுதல்தான். கோடுகள் மேலிருந்து கீழாக வரட்டும், துடைக்க எளிது. 316-க்குப் பணம் போதாதென்றால், 304-லேயே லினன் துணி நெசவு மாதிரி புடைப்பாக அச்சிட்ட எம்போஸ் தகடு பாருங்கள். அதில் கீறலும் ரேகையும் சட்டென்று கண்ணில் படாது.

கார்பஸ் பணத்தில், அதாவது நாம் எல்லோரும் சேர்ந்து போட்ட சங்க நிதியில், செய்யும் வேலைக்கு ஒரு மாதிரித் தகட்டைக்கூட நீங்கள் எங்களுக்குக் காட்டவில்லை. வீடு மாற்றுகிறவர்கள் பீரோவை இடித்து ஏற்றும்போது பிளைவுட் வைக்கச் சொல்ல ஆளில்லை. அவர்கள் யாருக்கும் நோட்டீஸ் போகவில்லை. மாதச் சம்பளத்தை நம்பி வேலைக்கு வருகிற ஒருவருக்கு மட்டும் போயிருக்கிறது.

கோபத்தில் ஏதாவது கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஆர்டர் போகும் முன் இரண்டு மூன்று தகட்டுத் துண்டுகளை லிஃப்ட் பக்கத்தில் ஒரு வாரம் மாட்டி வையுங்கள். பிள்ளைகள் தொடட்டும், அக்காவே துடைத்துப் பார்த்துச் சொல்லட்டும். மிரர் மட்டும் வேண்டாம். அந்த நோட்டீஸை இன்றே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாம் மாடியில் குடியிருப்பவள்