ஒரு பைசாத் தமிழனுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தில் பொதுவெளி, அதாவது மக்கள் பொது விவகாரங்களை விவாதிக்கும் களம், உருவான வரலாறு குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஜெர்மன் சிந்தனையாளர் ஹேபர்மாஸ் விவரித்த இலண்டன் காப்பி இல்லங்களில் தொடங்கி, ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் நிறுவிய 'சுதேசமித்திரன்' இதழ் வரை கட்டுரையாளர் தெளிவாகவே அழைத்துச் செல்கிறார். ஆனால், ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து எழுந்த இதழாசிரியர்களான இரட்டைமலை சீனிவாசனுக்கும் அயோத்திதாசப் பண்டிதருக்கும் அதில் ஒரு வரிகூட இல்லாதது என்னை மிகவும் வருத்தியது.

ஒடுக்கப்பட்டோர் பிற்காலத்தில்தான் அச்சு உலகுக்குள் வந்தார்கள் என்ற எண்ணம் இத்தகைய விடுபடல்களால்தான் வேரூன்றுகிறது. சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' இதழைத் தொடங்கிவிட்டார். உயர் அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இலண்டனில் நடந்துவந்த ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நாளில், அப்படி நடந்தால் அதிகாரம் சாதி இந்துக்களின் கையில்தான் குவியும் என்று எதிர்த்து வாதிட்டு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியவர் அவர். அந்த வாதத்தை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். அதைக் குறிப்பிடாமல் அக்காலத்துப் பொது விவாதத்தை எழுதினால், ஒரு தரப்பின் குரலை மட்டுமே பதிவு செய்தவர்கள் ஆவோம்.

அயோத்திதாசர் 1907 ஜூன் மாதம் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். நான்கே பக்கம், விலை என்னவென்று பெயரே சொல்லிவிடும். ஓராண்டுக்குப் பின் வாசகர்களின் விருப்பத்துக்கிணங்கப் பெயர் 'தமிழன்' என்று மாறியது. சாதி, வரலாறு, பௌத்தம், சித்த மருத்துவம், அன்றாட அரசியல் என்று எதைப் பற்றியும் வாசகர் கேள்வி எழுதி அனுப்பலாம். பண்டிதர் இதழிலேயே விடை எழுதுவார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அந்த இதழைப் படித்தார்கள், பொருளுதவி செய்தார்கள், 1914இல் அவர் மறைந்த பிறகும் அது மீண்டும் வெளிவரத் துணைநின்றார்கள். பொது அறிவுஜீவி என்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தமிழில் நான் கண்டதில்லை.

ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசரின் எழுத்துகள் 1999இலேயே பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வெளிவந்துவிட்டதால், மூலநூல் கிடைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. ஆகவே, இக்கட்டுரையின் தொடர்ச்சியாக 'பறையன்', 'தமிழன்' ஆகிய இரு இதழ்களைப் பற்றியும், அவற்றைத் தாங்கி நின்ற தங்கவயல் வாசகர்களைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி