பாயின்ட் ஷூவை வாஷிங் மெஷின்ல போடச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வந்த வீட்டுக் குறிப்புகளப் பத்தித்தான் இந்தக் கடிதம். ஸ்கூல் கேன்வாஸ் ஷூ, ஸ்போர்ட்ஸ் ஷூ, பாலேங்கிற மேல்நாட்டு ஆட்டத்துக்குப் போடுற ஷூ எல்லாத்தையும் ஒரே வரியில சேத்து, சோப்புத் தூள் கரைச்ச தண்ணில அரை மணி நேரம் ஊறப் போட்டு, பழைய தலையணை உறைக்குள்ள கட்டி மெஷின்ல விட்டா புதுசாயிரும்னு போட்டிருந்தீங்க. ஸ்கூல் ஷூவுக்கு அது சரிதான், இங்க ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான். பாலேலயும் சின்னப் புள்ளைங்க போடுற மெல்லிசு கேன்வாஸ் ஷூ ஒண்ணு இருக்கு, அதக் குளுந்த தண்ணில கையால அலசி எடுக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா நீங்க பக்கத்துல போட்டிருந்த படம் என்ன? ரோஸ் சாட்டின்ல ரிப்பன் வச்ச பாயின்ட் ஷூ, விரல் நுனில ஏறி நிக்கிறதுக்குன்னே செஞ்சது. அதப் போயி ஊற வச்சா அதோட கதை முடிஞ்சுது.

நான் சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் ஆல்டரேஷன் கடை வச்சிருக்கேன். பிளவுஸ் பிரிச்சுப் போடுறது, பேன்ட் மடிக்கிறது, ஜிப்பு மாத்துறது இதுதான் பொழப்பு, நடுவுல பாலே படிக்கிற புள்ளைங்களோட அம்மாங்க ரிப்பன் தைக்க வரலன்னு ஷூவக் கொண்டாந்து குடுக்க ஆரம்பிச்சு, இப்ப அதுவும் ஒரு வேலையாப் போச்சு. இந்த வாரம் ஒரு அம்மா வந்து, "அண்ணே, பேப்பர்ல போட்டிருந்த மாதிரியே துவைச்சேன், முன்னாடி கொஞ்சம் நசுங்கிருச்சு, உள்ள துணி வச்சுத் தச்சுத் தர முடியுமா"ன்னு கேட்டாங்க. வாங்கி முன்பக்கத்தக் கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கினேன், உள்ள போச்சு, திரும்பி வரவே இல்ல. சாட்டின் மேல பழுப்பா வளையம் வளையமா இருந்துச்சு, அது அழுக்கு இல்ல, உள்ள இருந்த பசை ஊறி வெளிய வந்து காஞ்சது. உள் அட்டை ஒரு ஓரமா எந்திரிச்சு நிக்குது, புளிச்ச மாவு வாடை வேற. ஜோடி 100 வெள்ளிக்கு மேல, அந்தப் புள்ள அதப் போட்டு ரெண்டு மூணு கிளாஸ் கூட ஆடியிருக்காது. இதுல நான் எதத் தைக்கிறது?

வெளிய பளபளன்னு கெட்டியா இருக்கிறதால உள்ள மரக்கட்டை இருக்கும்னு நிறைய பேரு நெனைக்கிறாங்க, கட்டையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. விரல் உக்கார்ற முன்பக்கத்துக்கு பாக்ஸ்னு பேரு, பழைய முறைல செய்ற ஷூவுல அது துணி, சாக்கு, காகிதம் இதெல்லாத்தையும் அடுக்கடுக்காப் பசை தடவி ஒட்டிக் காய வச்சதுதான். பசையும் பெருசா ஒண்ணும் இல்ல, மாவுப் பசை வகைதான், ஊர்ல சுவத்துல போஸ்டர் ஒட்டுவாங்களே அதுக்கு அண்ணன் தம்பி, மழை பெஞ்சா போஸ்டர் என்ன கதி ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். பாதத்துக்குக் கீழ நீளமா ஒரு பட்டை வரும், ஷாங்க்னு சொல்லுவாங்க, அட்டை, தோல் மாதிரி சமாச்சாரம், ஆடுறவங்க வெயிட்டத் தாங்குறதுல பாதி அதுதான். லண்டன்ல 1929ல ஆரம்பிச்ச ஃப்ரீட் கம்பெனில இன்னிக்கும் இத கையாலதான் செய்றாங்க, ஷூவ உள்பக்கம் வெளிய இருக்கிற மாதிரி வச்சுத் தச்சு, அப்புறம் புரட்டி, ஓவன் அடுப்புல வச்சுக் காய வச்சு எடுக்கிறாங்க. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அடில குத்துறதுக்கு ஒரு அடையாளம் உண்டு, மீனு, கிரீடம், மணி, நங்கூரம்னு, பெரிய டான்ஸருங்க எல்லாம் எனக்கு மீன்காரர் செஞ்சதுதான் வேணும்னு கேட்டு வாங்குவாங்களாம். ஒருத்தர் கைப்பக்குவம் இன்னொருத்தருக்கு வராதுல்ல, தையல்காரனா எனக்கு இதக் கேக்கவே சந்தோஷமா இருக்கும். 1993ல அமெரிக்காவுல வந்த கெய்னர் மிண்டன் ஷூவுல பாக்ஸும் ஷாங்க்கும் பிளாஸ்டிக் வகை, அது வேர்வைக்கு அவ்வளவு சீக்கிரம் இளகாது, ஆனா மேல போத்தியிருக்கிறது அதே சாட்டின்தான், அதயும் மெஷின்ல போட்டுக் குலுக்காதீங்க.

சரி, துவைக்காம எப்படி வச்சுக்கிறதுன்னு கேப்பீங்க. இந்த ஷூவக் கெடுக்கிறது அழுக்கு இல்லங்க, வேர்வை. ஒரு மணி நேரம் கிளாஸ் முடிஞ்சு வரும்போது உள்பக்கம் தொட்டுப் பாருங்க, நனைஞ்சு கிடக்கும், பாக்ஸும் சூட்டுக்கு லேசா இளகி இருக்கும், புள்ளைங்க அத அப்படியே பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பைக்குள்ள அமுக்கி, மேல தண்ணி பாட்டிலையும் புஸ்தகத்தையும் வச்சு, அடுத்த கிளாஸுக்குத்தான் தொறக்குதுங்க. அங்கதான் வாடையும் வருது, ஷூவும் சீக்கிரம் சாகுது. வந்த உடனே விரல்ல மாட்டுற டோ பேடை வெளிய எடுத்துரணும், அத வேணா சோப்பு போட்டுக் கழுவிக்கலாம், அதக் கழுவினாலே பாதி வாடை போயிரும். ஷூவ ஈரமா இருக்கும்போதே முன்பக்கத்தக் கையால பழையபடி உருட்டி வடிவத்துக்குக் கொண்டாந்து, வலைப் பையில போட்டு, காத்தாடி ஓடுற ரூம்ல இல்ல ஏர்கான் ரூம்ல தொங்க விடணும். இந்த ஊர்ல காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல, லண்டன்லயோ நியூயார்க்லயோ ஒரு ராத்திரில காயுறது இங்க ரெண்டு நாள் கூட இழுக்கும், அதனால வெளிநாட்டுக்காரங்க சொல்ற கணக்க அப்படியே நம்பாதீங்க. அதுக்காக ஜன்னலுக்கு வெளிய மூங்கில்ல மாட்டி வெயில்ல போட்டுறாதீங்க, சாட்டின் வெளுத்துப் போயி பசை மொறுமொறுன்னு ஆகி வெடிச்சிரும். ஹேர் டிரையரும் வேணாம், கார் டிக்கில விட்டு வைக்கிறதும் வேணாம். விட்டமின் பாட்டில்ல வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதுல ரெண்ட உள்ள போட்டு வைங்க. முடிஞ்சவங்க ரெண்டு ஜோடி வாங்கி மாத்தி மாத்திப் போட விடுங்க, செலவு அதிகம்னு தோணும், ஆனா நல்லாக் காய நேரம் கிடைச்ச ரெண்டு ஜோடி, ஒண்ணு மாத்தி ஒண்ணு வாங்குன ரெண்டு ஜோடிய விட அதிக நாள் வரும்.

மேல இருக்கிற அழுக்குக்குப் பழைய மெல்லிசு டூத் பிரஷ்ஷால காஞ்சபடியே தட்டி விட்டாப் போதும், கறை இருந்தா வெள்ளைத் துணிய நனைச்சு நல்லாப் புழிஞ்சு அந்த எடத்துல மட்டும் ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, சாட்டின் நூலு பிரிஞ்சா அப்புறம் எதாலயும் சேராது. ரிப்பன் அழுக்காயிருந்தா அதப் பிரிச்சுத் தனியாத் துவைக்கலாம், திரும்பத் தைக்க நான் இருக்கேன். மேடைக்குப் போற டான்ஸருங்க அழுக்க எடுக்கிறதே இல்ல, மேல பூசி மறைச்சிர்றாங்க, எதுன்னு நெனைக்கிறீங்க, நம்ம வேர்க்குருவுக்குத் தடவுற கேலமைன் லோஷன், அது பளபளப்பையும் குறைக்கும். மாநிறமா கறுப்பா இருக்கிறவங்க மொகத்துக்குப் போடுற ஃபவுண்டேஷன ஷூ மேல பூசுறது ரொம்ப நாளா நடக்கிறது, ஏன்னா ரோஸ் கலரெல்லாம் வெள்ளைக்காரங்க கால வச்சு முடிவு பண்ணினது. நியூயார்க்ல டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்ங்கிற கறுப்பினப் பாலே குழுவுல 1974லயே காலோட ஒட்டிப் போடுற டைட்ஸ், ஷூ ரெண்டையும் அவங்கவங்க தோல் நிறத்துக்குச் சாயம் போட ஆரம்பிச்சிட்டாங்க, ஆனா லண்டன்ல கறுப்பின, ஆசிய டான்ஸருங்க ஆடுற பாலே பிளாக் குழுவோட சேந்து ஃப்ரீட் கம்பெனி பிரவுன் கலர் ஷூ கொண்டுவர 2018 ஆயிருச்சு. நம்ம புள்ளைங்களுக்கும் கலர் கேட்டு வாங்கலாம், கடைக்காரங்க எடுத்து வைக்கிற ரோஸையே வாங்கிட்டு வரணும்னு இல்ல.

இன்னொண்ணு, பாக்ஸ் இளகிருச்சுன்னு உள்ள சூப்பர் க்ளூ ஊத்துறாங்க, பெரிய டான்ஸருங்களும் செய்றதுதான், ஆனா அந்தக் க்ளூ பருத்தித் துணில பட்டா சுடும், புகை கூட வரும். காலுல மாட்டியிருக்கும்போது ஊத்தக் கூடாது, ஜன்னலத் தொறந்து வச்சு, முந்தின நாளே செஞ்சு நல்லாக் காய விடணும், முக்கியமா டீச்சரக் கேக்காம புள்ளைங்க கையில குடுக்காதீங்க. ஷாங்க் ஒடிஞ்சிருச்சுன்னா அதுக்கு மருந்தே கிடையாது, மாத்திருங்க, 100 வெள்ளியப் பாத்துக்கிட்டு இருந்தா கணுக்கால் சுளுக்கிக்கும்.

பாலே நம்ம ஆட்டமா, தமிழ்ப் பேப்பர்ல இவ்வளவு தேவையான்னு யாராவது கேக்கலாம். சென்னைல கலாக்ஷேத்ராங்கிற நடனப் பள்ளிய 1936ல ஆரம்பிச்ச ருக்மிணி தேவி மொதல்ல கத்துக்கிட்டது பாலேதான், ரஷ்யாவோட பெரிய பாலே டான்ஸர் அன்னா பாவ்லோவா குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட, அப்புறம் பாவ்லோவா சொல்லித்தான் நம்ம ஊரு ஆட்டத்துப் பக்கமே திரும்பினாங்க. இப்ப என் கடைக்கு வர்ற அம்மாங்கள்ல பாதிப் பேரு சின்ன வயசுல பரதம் கத்துக்கிட்டவங்க, அதுல செருப்பே கிடையாதுங்கிறதால ஷூவப் பத்தி அவங்களுக்குச் சொல்ல வீட்ல ஆளு இல்ல, பேப்பர்ல வந்தா நம்பத்தான் செய்வாங்க.

அதனால அடுத்த ஞாயிறு அதே பகுதியில, அதே சைஸ் எழுத்துல திருத்தம் போடுங்க, உள் பக்கத்துல ஒரு மூலைல போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. வருஷக் கடைசி நிகழ்ச்சிக்கு பாலே கிளாஸ்ல எல்லாம் இப்பவே ஒத்திகை ஆரம்பிச்சாச்சு, இந்த நேரத்துலதான் ஷூவ சுத்தம் பண்ணித் தர்றேன்னு வீட்ல எறங்குவாங்க. குறிப்பத் திருத்தினா படத்தையும் மாத்துங்க, கேன்வாஸ் ஷூ படமாப் போட்டுருங்க.

இப்படிக்கு,
தையல் கடை வாசகர், சிங்கப்பூர்